நுரையீரல் முடிச்சு: ஸ்கேனும் சித்த மருந்தும்

நுரையீரல் முடிச்சு, படத்தில் தெரியும் ஓர் உருவத்துக்கு வைத்த பெயர். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புக்குள் 3 சென்டிமீட்டர் வரையிலான விட்டத்தில் உருண்டையாக ஒரு வெள்ளை நின்றால் அது முடிச்சு. அதற்கு மேல் போனால் திரள். முடிச்சு முழுக்கக் கெட்டியாக இருக்கலாம், பனிமூட்டம் படிந்த கண்ணாடிபோல் மங்கலாக இருக்கலாம், நடுவே கெட்டியும் சுற்றிலும் மங்கலுமாக இருக்கலாம். பெரும்பாலான முடிச்சுகள் வலிக்காது, இருமலும் தராது. வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாக அகப்படுபவையே அதிகம். 2020, 2021 கொரோனா அலைகளின்போது ஊர் ஊராக நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்கள். தொற்று போய்விட்டது, அறிக்கையில் ‘வலது மேல் மடலில் 7 மி.மீ. முடிச்சு’ என்ற ஒரு வரி மட்டும் பலர் கையில் தங்கிவிட்டது. கவலையோடு மருத்துவரைத் தேடி வருபவர்களில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வருபவர்கள் இன்றும் உண்டு.

அந்த வெள்ளைக்குள் என்ன இருக்கிறது என்பது ஊரைப் பொறுத்து மாறும். அதிகம் புகைத்த 53,454 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன் செய்தால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 விழுக்காடு குறையும் என்று காட்டியது. அதே ஆய்வில், ஸ்கேன் சந்தேகத்துக்குரியதாகக் குறித்தவற்றில் 96 விழுக்காட்டுக்கும் மேல் கடைசியில் புற்று இல்லை என்றே முடிந்தது. புகைத்தவர்களிடையிலேயே கணக்கு இப்படி. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர் என்னும்போது, நம் பக்கத்துத் திருச்செந்தூர்க் கடற்கரையில் அகப்படும் முடிச்சுக்கு முதல் சந்தேகம் காசநோயின் மேல்தான் விழ வேண்டும். எப்போதோ வந்து, உடம்பே அடக்கிவைத்த கிருமியைச் சுற்றி எழுந்த வடு அது. பல வேளைகளில் சுண்ணாம்பேறிக் கல்லாகியிருக்கும்.

அதற்காகப் புற்றை மறந்துவிடவும் முடியாது. இந்தப் பக்கம் பீடி உண்டு. பீடியே தொடாத பெண்களுக்கு அடுப்புப் புகை உண்டு. உடன்குடிப் பக்கத்துப் பனங்காடுகளில் பதநீர்க் காலம் முழுவதும் விடிலி என்னும் காய்ச்சும் குடிசைக்குள் நின்று கருப்பட்டி காய்ச்சியவர்களின் மூச்சுக்குழாயில் பல ஆண்டுப் புகை படிந்திருக்கும். “புகைப் பழக்கம் உண்டா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகும் மருத்துவர், விடிலியைப் பற்றிக் கேட்க மறந்திருப்பார்.

முடிச்சைப் படிப்பதில் மூன்று விஷயங்கள் முதன்மையானவை: அளவு, உள்ளிருக்கும் சுண்ணாம்பு, வளர்ச்சி. சுண்ணாம்பு நடுவில் திரண்டிருந்தாலோ, முழுதும் பரவியிருந்தாலோ, வளையம் வளையமாக அடுக்கியிருந்தாலோ பழைய தொற்றின் வடு என்று விட்டுவிடலாம். பொரித்த சோளம்போல் சிதறி, இடையே கொழுப்பும் தெரிந்தால் ஹாமர்டோமா என்னும் தீங்கற்ற கட்டி. ஓரத்தில் ஒதுங்கிய சுண்ணாம்பு எந்த உறுதியும் தராது. விளிம்பு முள்முள்ளாக நீண்டிருந்தால் ஐயம் கூடும்.

வளர்ச்சியைக் கணக்கிடுவதில்தான் ஏமாற்றம் அதிகம். உருண்டையின் விட்டம் கால் பங்கு கூடினாலே கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். 8 மி.மீ. முடிச்சு 10 மி.மீ. ஆவது கண்ணுக்கு அற்பமாகத் தெரியும். உள்ளே இருக்கும் சரக்கு இரண்டு மடங்காகியிருக்கும். கெட்டியான புற்று முடிச்சு பொதுவாக 100 முதல் 400 நாட்களில் இப்படி இரட்டிக்கிறது. சில வாரங்களிலேயே இரட்டித்தால் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்ற கெட்டி முடிச்சைத் தீங்கற்றது என்று கொள்வது வழக்கம். மறுபக்கம், அளவைப் பிழையும் உண்டு: 2 மி.மீ.க்குக் குறைந்த மாற்றத்தை வளர்ச்சி என்றோ சுருக்கம் என்றோ சொல்லக் கூடாது. மூன்று மாதம் கஷாயம் குடித்து 7 மி.மீ. 6 ஆனது என்று காட்டப்படும் அறிக்கைகளை இந்த விதியை நினைவில் வைத்தே வாசிக்க வேண்டும்.

ஆகவே, எந்தப் பரிசோதனைக்கும் முன் கேட்க வேண்டியது பழைய படம். “முன்னால எடுத்த படம் எதாவது வீட்ல கெடக்கா அண்ணாச்சி?” என்ற கேள்விக்கு முதலில் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். பாஸ்போர்ட்டுக்காக, வளைகுடா வேலைக்கான மருத்துவச் சான்றுக்காக, குடலிறக்க அறுவைக்காக எடுத்த எக்ஸ்ரே பீரோவுக்கு மேல் கிடந்து, இரண்டாம் முறை வரும்போது கைக்கு வரும். கிரகணம் பார்க்கப் பிள்ளைகள் எடுத்துப்போய்த் தொலைத்த படங்களும் உண்டு. எட்டு ஆண்டுக்கு முந்தைய படத்தில் அதே இடத்தில் அதே அளவில் புள்ளி இருந்தால், ஸ்கேனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம்.

பழைய படம் இல்லாதவர்களுக்கு, நெஞ்சுப் பட வல்லுநர்களின் ஃபிளைஷ்னர் சங்கம் 2017-இல் திருத்தி வெளியிட்ட அட்டவணை வழிகாட்டுகிறது. 35 வயதுக்கு மேற்பட்டு, புற்றுநோயோ எதிர்ப்பாற்றல் குறைவோ இல்லாதவர்களுக்கானது அது. ஒற்றைக் கெட்டி முடிச்சு 6 மி.மீ.க்குக் கீழே இருந்து, ஆபத்துக் காரணங்களும் இல்லையென்றால் தொடர் ஸ்கேன் தேவையில்லை. 6 முதல் 8 வரை என்றால் 6 முதல் 12 மாதத்துக்குள் மறு ஸ்கேன். 8-க்கு மேல் என்றால் மூன்று மாதத்தில் ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன், அல்லது திசு எடுப்பது. மங்கலான முடிச்சு புற்றாக இருந்தாலும் மெல்லவே வளரும். 6 மி.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால் அதை ஐந்து ஆண்டுவரை கவனிக்க வேண்டும். இந்த அட்டவணை காசநோய் அருகிய நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. 2016-இல் ஆசிய நாடுகளுக்கென வந்த பரிந்துரை, காசநோய் மிகுந்த இடங்களில் பெட் ஸ்கேனை அளவோடு நம்பச் சொல்கிறது. பெட் ஸ்கேன் சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் திசுவைக் காட்டும். புற்றும் உறிஞ்சும், காசநோய்க் கட்டியும் உறிஞ்சும். கடனை வாங்கி எடுத்த பெட் ஸ்கேனில் முடிச்சு ஒளிர்ந்ததால் புற்று என்று முடிவு கட்டிக்கொண்டு, பிறகு திசுவில் காசநோய் என்று தெரியவரும் குடும்பம் இங்கே புதிதல்ல.

காசநோய்ச் சந்தேகத்துக்கு முதல் வேலை சளிப் பரிசோதனை. சிபிநாட், ட்ரூநாட் என்னும் மரபணுச் சோதனைகள் சில மணி நேரத்தில் கிருமியையும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் சொல்லிவிடும். ஆனால் மூச்சுக்குழாயோடு தொடர்பில்லாமல் மூடிக்கிடக்கும் முடிச்சிலிருந்து சளிக்குள் கிருமி வராது. ‘சளியில் இல்லை’ என்றால் ‘காசநோய் இல்லை’ என்று பொருள் கொள்ள முடியாது. அடுத்தது மூச்சுக்குழாய் உள்நோக்கி, அல்லது ஸ்கேன் பார்த்துக்கொண்டே நெஞ்சுச் சுவர் வழியாக ஊசி செலுத்தித் திசு எடுப்பது. ஊசிக்குப்பின் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவது அரிதல்ல. பெரும்பாலும் தானே ஆறும், சிலருக்குக் குழாய் போட வேண்டிவரும்.

இத்தகைய பரிசோதனைகளுக்குத் திருச்செந்தூர்க்காரர்கள் வடக்கே தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மேற்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ பஸ் ஏறுகிறார்கள். ஸ்கேனும் சித்த மருந்தும் சேரும் இந்தக் கதைக்குப் பாளையங்கோட்டை வசதியான ஊர். 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், அதற்கடுத்த ஆண்டு தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அங்கேயே இருக்கின்றன. காலையில் ஒன்றிலும் மதியத்துக்கு முன் மற்றொன்றிலும் சீட்டு வாங்கும் நோயாளி, கேட்டாலொழிய இரண்டு இடத்திலும் மற்றதைப் பற்றிச் சொல்வதில்லை. சென்னையை அடுத்த தாம்பரத்திலும் இதே அமைப்பு: டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய காசநோய்ச் சானடோரியம் இருந்த பகுதியிலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது.

சித்த நூல்களில் முடிச்சு என்று தனி நோய் கிடையாது, இருக்கவும் வழியில்லை. நோயாளிக்கே தெரியாத, வெளியே எந்தக் குறியும் காட்டாத ஒன்றை நாடியிலோ நாக்கிலோ பார்க்க முடியாது. நூல்கள் பேசுவது இருமல், ஈளை, இளைப்பு, உடம்பை உருக்கும் சயம், இரத்தம் கக்குதல் ஆகியவற்றை. நாடி, தொடுஉணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வால் வளி (வாதம்), அழல் (பித்தம்), ஐயம் (கபம்) மூன்றில் எது மிஞ்சியது என்று கண்டு மருந்து தீர்மானிப்பது முறை. இது நோயாளியைப் படிக்கும் முறை. படத்திலுள்ள புள்ளியைப் படிக்கும் முறை ஆகாது. இந்த எல்லையை ஒப்புக்கொள்ளும் சித்த மருத்துவரிடம் நோயாளி பத்திரமாக இருப்பார். நாடி பிடித்தே “கட்டி கரைந்துகொண்டு வருகிறது” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

நவீன மருந்து உள்ளே போனபின் இந்தத் தேர்வே சில இடங்களில் தடுமாறும். சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில், விடியற்காலைச் சிறுநீரின் நிறம் பார்த்து, அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, துளி பாம்பாக நெளிந்து நீண்டால் வளி, வளையமாக விரிந்தால் அழல், கலையாமல் முத்தாக நின்றால் ஐயம் என்று கொள்வார்கள். ரிஃபாம்பிசின் விழுங்கியவரின் சிறுநீர் செம்மஞ்சளாக இறங்கும். கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறும். மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் குடுவையைத் தூக்கிப் பார்ப்பவர் அதை அழல் மிகுதி என்றோ காமாலை என்றோ எழுதிவிடுவார். இதையறிந்த வைத்தியர்கள் மாத்திரை அட்டையை முதலில் வாங்கிப் பார்க்கிறார்கள்.

சீனாவில் மரபு மருத்துவத்தையும் நவீன மருத்துவத்தையும் சேர்த்து நடத்துவது 1950-களிலிருந்து அரசுக் கொள்கை. நுரையீரல் முடிச்சுக்கு அங்கே பெரிய மருத்துவமனைகளிலேயே ஸ்கேனும் மூலிகைக் கஷாயமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. கபம் திரண்டதும் இரத்தம் தேங்கியதும் முடிச்சுக்குக் காரணம் என்பது அவர்கள் கணக்கு. ‘கடினத்தை இளக்கி முடிச்சை அவிழ்க்கும்’ சரக்குகளில் ஒன்று சிப்பி ஓடு. சீன மருத்துவர் செங் குவோபெங் 1732-இல் எழுதிய நூலில் உள்ள ஒரு பழைய மாத்திரையில் சிப்பி ஓட்டோடு ஃப்ரிட்டிலாரியா கிழங்கும் ஸ்க்ரோஃபுலாரியா வேரும் சேர்கின்றன. அது கழுத்தில் வரும் கண்டமாலைக்காக எழுதப்பட்டது. கையால் தொட்டுப் பார்க்க முடிந்த கழுத்துக் கட்டிக்கு வகுத்த மருந்தை, ஸ்கேன் வந்தபின் நெஞ்சுக்குள் தெரியும் புள்ளிக்கும் நீட்டினார்கள். நம் பக்கத்திலும் நடப்பது அதே நீட்டல்தான்.

சிப்பியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் முத்துச்சிப்பிப் பற்பமும் சங்கு பற்பமும் பவளப் பற்பமும் சித்த மருந்தகங்களில் இருந்துகொண்டே இருக்கின்றன. பற்பம் செய்ய, சிப்பி ஓட்டைக் கழுவிச் சுத்தி செய்து, மேல்தோல் நீக்கி, உடைத்து, கல்வத்தில் மூலிகைச் சாறு விட்டு நாள்கணக்கில் அரைப்பார்கள். அரைத்த விழுதை வில்லை தட்டி உலர்த்தி, அகலில் அடுக்கி, மேலகல் மூடி, வாய்க்குச் சீலைமண் சுற்றிக் காயவைத்து, எருவிராட்டிக்கு நடுவே புடமிடுவார்கள். ஆறியபின் திறந்தால் வெள்ளை வெளேரென்று உதிர வேண்டும். விரலில் தேய்த்தால் ரேகைக்குள் இறங்க வேண்டும். நீரில் தூவினால் மிதக்க வேண்டும். நாக்கில் வைத்தால் சுண்ணாம்பாகச் சுடக் கூடாது. சுட்டால் மறுபடி அரைப்பும் புடமும். ஓரிரு குன்றிமணி எடை, நெய்யிலோ தேனிலோ குழைத்து, சயத்துக்கும் இருமலுக்கும் கொடுப்பது மரபு.

வேதியியல் கண்ணில் அது பெரும்பாலும் கால்சியம் உப்பு. இதில்தான் இரு மருத்துவமும் ஒன்றையொன்று இடிக்கும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் லெவோஃப்ளாக்சசின் குடலில் கால்சியத்தோடு பிணைந்து, உடம்பில் முழுதாகச் சேராமல் போகலாம். பற்பத்தையும் இந்த மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்குபவர் இரண்டு மருத்துவரின் சொல்லையும் கேட்டு நடந்தும் நோய் ஆறாமல் நிற்கக்கூடும். மாத்திரைக்கும் பற்பத்துக்கும் இடையே சில மணி நேரம் விட்டால் தொல்லை தீர்ந்தது. இதைச் சீட்டில் எழுத ஒரு வரி போதும், எழுதப்படுவது குறைவு.

ஒன்றுக்கொன்று துணை போன இடங்களும் உண்டு. கிராமத்து வேலியில் நிற்கும் ஆடாதோடையின் வேசிசின் என்ற சத்தை முன்மாதிரியாக வைத்து 1960-களில் வந்ததே புரோம்ஹெக்சின். அம்ப்ராக்சால் அதன் அடுத்த வடிவம். மருந்துக்கடை இருமல் சிரப்பும் ஆடாதோடை மணப்பாகும் ஒரே செடியின் வழிவந்தவை. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், ரிஃபாம்பிசினை இரத்தத்தில் அதிகம் சேரவைக்கும் என்பதை ஜம்முவிலுள்ள மத்திய அரசு ஆய்வகம் காட்டியது. 450 மி.கி. ரிஃபாம்பிசினுக்குப் பதில் 200 மி.கி.யோடு 10 மி.கி. பைப்பரினைச் சேர்த்த மாத்திரைக்கு 2009-இல் அனுமதி கிடைத்தது. தேசியக் காசநோய்த் திட்டத்தின் அன்றாட மாத்திரையில் அது சேரவில்லை. அதே பைப்பரின் வலிப்பு மருந்து ஃபெனிடாயினின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும். மிளகும் திப்பிலியும் சேரும் திரிகடுகும் தாளிசாதியும் தொடர்ந்து தின்பவரிடம் வேறென்ன மாத்திரை போகிறது என்று கேட்டாக வேண்டும்.

ஆபத்தான சரக்குகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஆடுதின்னாப்பாளையிலும் ஈசுரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. இதே அமிலமுள்ள சீன மூலிகை கலந்த மெலிவு மருந்தைத் தின்ற பெல்ஜியப் பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 1993-இல் மருத்துவ உலகம் அறிந்தது. பிறகு சிறுநீர்ப்பாதைப் புற்றும் வந்தது. புற்று வருமோ என்று பயந்து வருபவருக்குப் புற்று வரவைக்கும் வேரைக் கொடுப்பது எந்த மரபிலும் நியாயம் ஆகாது. பாதரசமும் கந்தகமும் சேரும் ரசகந்தி மெழுகு போன்றவை, சிறுநீரக, ஈரல் பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் தரக் கூடியவை அல்ல. காசநோய் மருந்துகள் நான்கில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் ஈரலைத் தாக்கக்கூடியவை. சீந்தில் என்னும் மூலிகைக் கொடியைத் தின்றவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததாக 2021-இல் மும்பையிலிருந்து மருத்துவர்கள் எழுதினார்கள். இரண்டும் ஒன்றாகப் போகும்போது காமாலை வந்தால் எதை நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் உயிர்காக்கும் மாத்திரையும் சேர்த்து நிறுத்தப்படும். காசநோய்ச் சிகிச்சையின் முதல் இரண்டு மாதம், நான்கு மருந்தும் போகும் கட்டத்தில், உள்ளுக்குப் புது மூலிகை எதையும் தொடங்காமல் இருப்பது உத்தமம். இக்காலத்தில் சித்த மருத்துவர் செய்யக்கூடியது உணவு, பசி, உறக்கம். காசநோயாளிக்கு எடை ஏறுவதே பாதி வைத்தியம். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, மிக மெலிந்தவர்களைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதையே மையமாகக் கொண்டது. மீன் தின்று வளர்ந்தவருக்குப் பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்தும் வைத்தியம் இங்கே நோயோடு கைகோக்கும்.

திருச்செந்தூரில் மூன்றாவது மருந்தும் உண்டு: கோயிலில் பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதி. ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் சுப்பிரமணிய புஜங்கம், இலை விபூதியைக் கண்டு ஓடும் நோய்களின் வரிசையில் சயத்தையும் சேர்க்கிறது. நெற்றியில் இட்டுக்கொள்வதால் எந்த மாத்திரையோடும் அது மோதாது. விபூதி வாங்கிய கையோடு மாத்திரையை நிறுத்திவிட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் காசநோய்த் திட்டக் களப்பணியாளரின் பாடு.

ஆறு மாதக் காசநோய் மருந்து முடிந்தபின் ஒரு சிக்கல் மிஞ்சும். காசநோய்க் கட்டி பல வேளைகளில் முழுதும் மறையாது. கிருமி செத்தபின்னும் வடு படத்தில் நிற்கும். எடை ஏறி, காய்ச்சல் போய், நல்ல நிலையில் உள்ளவர் அந்த மிச்சத்தைக் கரைக்க வைத்தியம் தேடிப் புறப்படுவார். வடுவில் கரைக்க ஒன்றுமில்லை. மறுபக்கம், தொற்றால் வந்த மங்கல் முடிச்சு பல வேளைகளில் எந்த மருந்தும் இல்லாமல் மூன்று மாதத்தில் மறைந்துவிடும். இடையில் கஷாயம் குடித்தவர் கஷாயத்தால் என்பார், ஆன்டிபயாட்டிக் விழுங்கியவர் அதனால் என்பார். முடிச்சைக் கரைத்ததாகச் சீனத்திலும் இங்கும் சொல்லப்படும் கதைகளில் பெரும்பங்கு இப்படித் தானே போகக்கூடியவற்றின் கதை. மருந்து கொடுக்காத ஒரு குழுவை அருகே வைத்து ஒப்பிடாதவரை புகழ் யாருக்கென்று பிரிக்க முடியாது.

திசுவில் புற்று உறுதியானால் வரிசை மாறாது: பரவாத நிலையில் அறுவை, அறுவை தாங்காதவருக்குத் துல்லியக் கதிர்வீச்சு. சிறிய முடிச்சாக இருக்கும்போதே வெட்டியெடுத்தால் குணமாகும் வாய்ப்பு உள்ள நோய் இது. மூலிகை குடித்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று கழியும் ஆறு மாதத்தில் அந்த வாய்ப்பு போய்விடக்கூடும். புற்றையும் கட்டிகளையும் காசநோயையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் சட்டம் தடைசெய்கிறது. பஸ் நிலையச் சுவர்களுக்கு அந்தச் சட்டம் இன்னும் எட்டவில்லை. அறுவைக்குப் பின்னும் கீமோவின்போதும் வாய்ப்புண், பசியின்மை, மலச்சிக்கல், உறக்கமின்மை ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவம் துணைநிற்கலாம், புற்று மருத்துவருக்குத் தெரிந்து.

கடைசியாகக் கடலில் இறங்குபவர்களின் கேள்வி. சங்கு குளிக்கும் ஆள், முடிச்சோடு மூழ்கலாமா என்று கேட்பார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரு மடங்கு. ஏறிவரும்போது உள்ளே அடைபட்ட காற்று இரு மடங்காக விரியும். சுண்ணாம்பேறிய கெட்டி முடிச்சில் காற்று இல்லை. அதனால் மட்டும் தடை சொல்ல வேண்டியதில்லை. காசநோய் குடைந்து விட்ட குழியோ, காற்றுப் பையோ, சுருங்கிய மூச்சுக்குழாயோ இருந்தால் கதை வேறு; கம்ப்ரெசர் குழாயில் மூச்சுவாங்கி இறங்குபவருக்கு ஏறும்போது நுரையீரல் கிழியலாம். எக்ஸ்ரேயில் குழி தெரியாமல் போகலாம் என்பதால் இவர்களுக்குச் சி.டி. அவசியம், மூச்சளவுச் சோதனையும் அவசியம். ஒருமுறை நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து குழாய் போடப்பட்டவர், எந்த மருந்தால் தேறியிருந்தாலும், படகில் கயிறு பிடிக்கும் வேலைக்கு மாறிக்கொள்ள வேண்டும்.